செல்போன் மோசடி: கேட்டால் கொடுக்காதீர்கள், கொடுத்துவிட்டால் மறைக்காதீர்கள்



கல்வி உதவி, மருத்துவ உதவி, கைம்பெண்களுக்கான மாதாந்திரத் தொகை என்று நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு மனுக்கள் வருவது வழக்கம். அண்மைக் காலமாகப் புது வகை மனு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. "போனில் பேசி அக்கவுண்டில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். இந்த மாத வாடகைக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் வழியில்லை" என்பது அது. இப்படி வருகிறவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர் வருகிறார், ஜவுளிக் கடை நடத்துபவர் வருகிறார், பொறியியல் படிக்கும் மாணவர் வருகிறார்.

இவர்களிடம் பேசியதில் நாங்கள் கண்டது ஒன்று. பணம் போன அன்றே வெளியே சொன்னவர்கள் மிகக் குறைவு. நான்கு நாள், பத்து நாள் கழித்து வருகிறார்கள். ஒருவர் இரண்டு மாதம் கழித்து வந்தார். காரணம் வெட்கம். வீட்டுக்காரர் திட்டுவார், பிள்ளைகள் சிரிப்பார்கள், ஊரில் பேசுவார்கள் என்ற எண்ணம். மோசடிக்காரனுக்கு இந்த வெட்கத்தைவிடப் பெரிய உதவி வேறில்லை. பணத்தை மீட்க வாய்ப்புள்ளது முதல் சில மணி நேரம்தான். அந்த நேரத்தை நாமே அவனுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஏமாந்தவர் தனியாள் இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 2024இல் இந்தியா முழுவதும் சைபர் மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு இது 7,465 கோடி. புகாராகப் பதிவானது மட்டுமே இவ்வளவு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டவர்களின் பணம் இந்தக் கணக்கில் இல்லை.

நம் விவரம் அவனுக்கு எப்படித் தெரிகிறது?

ஏமாந்தவர்கள் பலரும் சொல்லும் முதல் வாக்கியம் இதுதான்: "என் பெயர், பிள்ளை பெயர், பள்ளிக்கூடம் எல்லாம் சரியாகச் சொன்னானே, அதனால்தான் நம்பினேன்."

கல்வி உதவித்தொகை மோசடியை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் காவல்துறையே எச்சரிக்கை விடுத்த ஒன்று இது. பெற்றோருக்கு ஒரு அழைப்பு வரும். பேசுகிறவன் தன்னைக் கல்வித் துறை அதிகாரி என்பான். மகளின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொல்வான். "ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் உடனே கிரெடிட் ஆகும்" என்பான். தாய் ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுவார். அந்தத் தொகை வராது, போகும்.

இதில் இரண்டு விஷயங்களைப் புரிந்துகொண்டால் போதும். முதலாவது, க்யூஆர் கோடு என்பது கடைக்காரர் தன் கல்லாவில் ஒட்டி வைத்திருப்பது. அதை ஸ்கேன் செய்தால் பணம் நம்மிடமிருந்து அவருக்குத்தான் போகும். யுபிஐ பின் நம்பர் பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும் மட்டுமே. நமக்குப் பணம் வர எந்தப் பின் நம்பரும் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வரும்போது நாம் எதையாவது அழுத்துகிறோமா? அது தானாகத்தானே வந்து விழுகிறது.

இரண்டாவது, விவரம் தெரிந்திருப்பது அதிகாரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது. நம் விவரங்கள் எங்கெங்கோ மொத்தமாகக் கசிந்து விற்பனைக்குக் கிடக்கின்றன. 2024 செப்டம்பரில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கும் நிலையில் இருந்தது வெளியானது. 3 கோடியே 10 லட்சம் பேரின் விவரம் தன்னிடம் இருப்பதாக அதை வெளியிட்டவன் சொல்லிக்கொண்டான். பெயர், தொலைபேசி எண், முகவரி, அடையாள அட்டை நகல் மட்டும் அல்ல, யாருக்கு என்ன நோய், என்ன பரிசோதனை என்பது வரை அதில் இருந்தது. பாஸ்வேர்டு திருட்டுப் போனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் சர்க்கரை நோயையும் எப்படி மாற்றுவது? அதனால், "நீங்கள் போன மாதம் இன்ன ஆஸ்பத்திரியில் இருந்தீர்களே" என்று ஒருவன் ஆரம்பித்தாலும் அதை வைத்து நம்பிவிடக் கூடாது.

பெரிய நிறுவனத்தின் கசிவை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் நம் கையாலேயே நாள்தோறும் கசிய விடுவது ஒன்று இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு ஆதார் அட்டையை அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். அந்தப் படம் அவர் போனிலேயே கிடக்கிறது. பொருட்காட்சியில் குலுக்கல் கூப்பனில் பெயரும் நம்பரும் எழுதிப் போடுகிறோம். சாலையோரக் குடை நிழலில் சிம் வாங்கும்போது ஒரு முறை வைத்த விரலை "சரியாகப் பதியவில்லை" என்று இன்னொரு முறை வைக்கச் சொன்னால் வைத்துவிடுகிறோம். அந்த இரண்டாவது ரேகையில் நம் பெயரில் இன்னொரு சிம் வாங்கப்பட்டிருக்கலாம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் அல்லது ஆப்பில் நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்று பார்த்து, நம்முடையது அல்லாததை முடக்கச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை. இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஆதாரைப் பொறுத்தவரை, முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்டு கடைசி நான்கு மட்டும் தெரியும் அட்டையை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். லாட்ஜில் அறை எடுப்பது போன்ற பல இடங்களுக்கு அதுவே போதும். முழு நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம், என்ன தேதி என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

கைரேகைக்கும் ஒரு பூட்டு உண்டு. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் சிறு கடைகளில் உள்ள கருவியில் வங்கிப் பணம் எடுக்கும் வசதி இருக்கிறதல்லவா, அதற்கு ஓடிபி கிடையாது. வெளிமாநிலங்களில் பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை ரப்பரில் படியெடுத்து இப்படிப் பணம் எடுத்திருக்கிறார்கள். எம்ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிட்டால் இது நடக்காது. ஒரே சிரமம், ரேஷன் கடைக்குப் போகும் முன் அதைத் திறந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அங்கே விரல் வைத்தால் ஏற்காது, வரிசையில் நிற்பவர்களிடம் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

போலீஸ் உடையில் வீடியோ கால்

இப்போது மிகப் பெரிய தொகைகள் பறிபோவது 'டிஜிட்டல் கைது' என்ற பெயரில். "உங்கள் ஆதாரை வைத்து வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் போயிருக்கிறது, அதில் போதைப்பொருள் இருக்கிறது" என்று தொடங்கும். பிறகு வீடியோவில் போலீஸ் சீருடையில் ஒருவன். பின்னால் காவல் நிலையம் போன்ற அமைப்பு, சுவரில் சின்னம். வாட்ஸ்அப்பில் கைது வாரண்ட். "கேமரா முன்னாலிருந்து எழுந்திருக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது, உங்கள் பணம் நேர்மையானதா என்று பரிசோதிக்க ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், சரியாக இருந்தால் திருப்பித் தருவோம்" என்பார்கள்.

குற்றச்சாட்டு போதைப்பொருளாக இருக்கலாம், கருப்புப் பணமாக இருக்கலாம், சில நேரம் தீவிரவாதத் தொடர்பு என்பார்கள். இந்த மூன்றாவது வார்த்தை நம் வீடுகளில் எப்படி விழும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 'வழக்கு பொய்யாக இருந்தாலும் பெயர் வெளியே வந்துவிட்டால் என்ன ஆகும்' என்ற பயத்திலேயே கேட்டதைக் கொடுத்துவிடத் தோன்றும். அந்தப் பயம் அவனுக்கும் தெரியும். அதனால்தான் நம் பெயரைக் கேட்டதும் அந்த வார்த்தையை எடுக்கிறான்.

ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்வது நமக்கு மற்றவர்களைவிட அவசியம். டிஜிட்டல் கைது என்று ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27ஆம் தேதி வானொலி உரையில் இதைச் சொன்னார். உண்மையாகக் கைது செய்தால் நேரில் வருவார்கள், காரணத்தைச் சொல்வார்கள், உறவினருக்குத் தெரிவிப்பார்கள், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். விசாரணைக்கு ஆஜராகும்படி போலீஸ் கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். குடும்பத்தாரிடம் சொல்லாதே என்பவன் சட்டத்தின் ஆள் அல்ல. இந்த ஓர் அடையாளம் போதும்.

பெரிய மனிதர்களும் தப்பவில்லை. பஞ்சாபின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024இல் 82 வயதில் இப்படி 7 கோடி ரூபாயைக் கொடுத்தார். அவருக்கு வீடியோவில் ஒரு போலி உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்தினார்கள், தலைமை நீதிபதி வேடத்தில் ஒருவன். ஆனால் அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. காவல்துறையிடம் போனார், 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. கோடீஸ்வரர் என்பதால் கிடைத்தது என்று சிலர் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் புகார் கொடுக்காத கோடீஸ்வரருக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது.

நிக்காஹ் பத்திரிகை வடிவில் வரும் திருடன்

ஓடிபி சொல்லக் கூடாது என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். எனவே நாம் சொல்லாமலே ஓடிபியை எடுக்கும் வழிக்கு மாறிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஒரு ஃபைல் வரும், சில சமயம் தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும். டிராஃபிக் அபராதச் சலான் என்றும் வங்கி கேஒய்சி என்றும்கூட வரும். அதன் பெயர் 'ஏபிகே' என்று முடியும். அதைத் தொட்டு இன்ஸ்டால் செய்தால் அது ஒரு ஆப்பாக போனுக்குள் உட்கார்ந்துகொண்டு நமக்கு வரும் எஸ்எம்எஸ்களைப் படிக்கும், ஓடிபியை அவனுக்கு அனுப்பும். நம் போனிலிருந்து அதே பத்திரிகையை நம் உறவினர்களுக்கும் அனுப்பும். அவர்கள் நம் பெயரைப் பார்த்து நம்பித் திறப்பார்கள். உண்மையான நிக்காஹ் அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வீடியோவாகவோ வரும். பத்திரிகை பார்க்க எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. 'இன்ஸ்டால்' என்ற வார்த்தை வந்தாலே நிறுத்திவிடுங்கள்.

தவறித் தொட்டுவிட்டால் முதலில் அந்த போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லி கணக்கை முடக்கச் சொல்லுங்கள். ஆப்பை நீக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொன்று வாட்ஸ்அப் கணக்கையே எடுத்துக்கொள்வது. "என் கோடு தவறுதலாக உங்கள் நம்பருக்கு வந்துவிட்டது, அந்த ஆறு இலக்கத்தைக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று கேட்பான். அது நம் வாட்ஸ்அப்பை அவன் போனில் திறப்பதற்கான சாவி. திறந்ததும் நம் பெயரில் நம் சொந்தக்காரர்களிடம் அவசரக் கடன் கேட்பான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் நீங்களே ஒரு பின் நம்பர் வைத்துவிட்டால், எஸ்எம்எஸ் கோடு கிடைத்தாலும் அவனால் உள்ளே நுழைய முடியாது.

சவூதியில், துபாயில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு வேறு விதமான அழைப்பு வரும். "உங்கள் மகன் இங்கே விபத்தில் மாட்டிக்கொண்டான், உடனே பணம் கட்டினால் வெளியே விடுவார்கள்" என்று. மகனின் குரலைப் போலவே அழும் குரலும் கேட்கும். இப்போது கம்ப்யூட்டரில் குரலைப் போலி செய்ய முடிகிறது. போனை வைத்துவிட்டு, மகனின் பழைய நம்பருக்கு நீங்களே அழையுங்கள். அவர் எடுக்கவில்லையென்றால் அறைத் தோழருக்கு அழையுங்கள். சில குடும்பங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை வைத்திருக்கிறார்கள். 'அத்தம்மா வளர்த்த ஆட்டின் பெயர் என்ன' என்று கேட்டால் மோசடிக்காரனுக்கு எங்கே தெரியும்? நல்ல ஏற்பாடு, செலவும் இல்லை.

ரமலான் மாதத்தில் வேறொன்று அதிகமாகும். நோயாளிக் குழந்தையின் படம், கீழே ஒரு யுபிஐ நம்பர், 'ஜகாத் தொகையை அனுப்புங்கள்' என்ற வேண்டுகோள். படம் உண்மையாக இருக்கும், நம்பரை மட்டும் மாற்றியிருப்பார்கள். கொடுக்கும் நிய்யத்தில் குறை வேண்டாம், ஆனால் அந்தக் குழந்தையின் மஹல்லா ஜமாஅத்தை ஒரு முறை அழைத்துக் கேளுங்கள், முடிந்தால் ஆஸ்பத்திரியின் கணக்கிலேயே கட்டுங்கள். அதுபோல, ஹஜ்ஜுக்கு இந்தியாவிலிருந்து போக வழி இரண்டுதான்: ஹஜ் கமிட்டி, அல்லது மத்திய சிறுபான்மையினர் நல அமைச்சகத்தில் பதிவு பெற்ற தனியார் ஏற்பாட்டாளர்கள். அந்தப் பதிவுப் பட்டியல் வெளிப்படையாகவே இருக்கிறது. ஃபேஸ்புக்கில் பாதி விலைக்கு உம்ரா பேக்கேஜ் தருகிறவரின் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

கடன் ஆப்புகள்

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் போவது பணம் மட்டும் அல்ல.

திடீர்ச் செலவு. யாரிடமும் கேட்கக் கூச்சம். போனில் 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்று விளம்பரம். ஆப்பை இறக்கியதும் அது ஒவ்வொன்றாக அனுமதி கேட்கும்: காண்டாக்ட் பார்க்கலாமா, போட்டோக்களைப் பார்க்கலாமா, மெசேஜ் படிக்கலாமா. அவசரத்தில் எல்லாவற்றுக்கும் 'அலவ்' அழுத்துகிறோம். பிறர் வீட்டுக்குள் அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்று சூரத்துந் நூரில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். இங்கே வீட்டின் எல்லா அறைக்கும் நாமே அனுமதி கொடுத்துவிடுகிறோம். ஐயாயிரம் என்று சொல்லி, பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம்தான் கைக்கு வரும். ஒரு வாரத்தில் முழுத் தொகையும் வட்டியும் கேட்பார்கள். ஒரு நாள் தாமதமானால் நம் போனில் உள்ள அத்தனை பேருக்கும், சம்பந்தி வீட்டுக்கு, மதரஸா உஸ்தாதுக்கு, மேனேஜருக்கு, 'இவர் திருடர்' என்று மெசேஜ் போகும். பெண்களின் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்புவோம் என்று மிரட்டுவார்கள், சிலருக்கு அனுப்பியும் இருக்கிறார்கள். இந்த மிரட்டல் தாங்காமல் நாட்டில் உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

கடன் கொடுக்கும் ஆப் நம் காண்டாக்ட்டையும் போட்டோக்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் ஆப்புகள் எவை என்ற பட்டியலும் 2025 ஜூலை முதல் அதன் இணையதளத்தில் இருக்கிறது. சட்டப்படி சரியான ஆப் என்றாலும் அது வட்டி என்பதில் மாற்றமில்லை. அந்த மார்க்கச் சட்டம் உங்களுக்குத் தெரிந்ததே. நாங்கள் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்: மூவாயிரம் ரூபாய்க்காக ஒரு சகோதரி முகம் தெரியாதவனிடம் தன் வீட்டுப் படங்களை ஒப்படைக்கும் நிலை நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது. அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. சிறு தொகைக்கும் கொடுக்கிறோம். பெண்கள் வந்து பேசப் பெண் ஊழியரே இருக்கிறார். கேட்டவர் பெயர் நிர்வாகக் குழுவுக்கு வெளியே போவதில்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், பணம் கட்டிக்கொண்டே இருந்தால் மிரட்டல் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். நிற்காது. மெசேஜ்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். மாற்றப்பட்ட படம் வந்துவிட்டால், அது அவமானம் அவருடையது அல்ல. இதை வீட்டு ஆண்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். 'உன் போட்டோ ஏன் போனில் இருந்தது' என்று அந்தப் பெண்ணிடம் கேட்கும் வீட்டில், அடுத்த முறை அவர் எதையும் சொல்ல மாட்டார்.

அக்கவுண்டை வாடகைக்கு விடும் இளைஞர்கள்

பெற்றோர்கள் இந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

மோசடிப் பணம் நேராகத் தலைவனின் கணக்குக்குப் போவதில்லை. முதலில் யாரோ ஒரு மாணவரின், ஆட்டோ ஓட்டுநரின் கணக்குக்குப் போய், அங்கிருந்து பத்து இருபது கணக்குகளுக்குப் பிரிந்து போகும். அந்த முதல் கணக்குக்காக நம் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். "உன் பெயரில் ஒரு அக்கவுண்ட் திறந்து ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு, மாதம் ஐயாயிரம் தருகிறோம்" அல்லது "உன் கணக்குக்கு வரும் பணத்தை எடுத்துக் கொடு, கமிஷன் உண்டு" என்பார்கள். கேட்பவர் பெரும்பாலும் நண்பரின் நண்பராக இருப்பார். பிள்ளைக்கு அது பகுதிநேர வேலையாகத் தெரியும்.

போலீஸ் எங்கிருந்து தேடத் தொடங்கும்? பணம் முதலில் விழுந்த கணக்கிலிருந்து. ஹரியானாவில் ஒரு முதியவர் ஏமாந்தால் அந்த ஊர் போலீஸ் நம் தெருவில் வந்து நிற்கும். தலைவன் கம்போடியாவிலோ மியான்மரிலோ இருப்பான். கையில் கிடைப்பது நம் பிள்ளை. 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிப்பதற்குள் ஜாமீன், வக்கீல், வெளிமாநில நீதிமன்றம் என்று வருடங்கள் போகும். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் வழக்கு வந்து நிற்கும். வளைகுடா வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். ஐயாயிரத்துக்காகப் போகும் விலை இது. அதோடு அந்தக் கமிஷன் யாருடைய பணம்? எங்கோ ஒரு கைம்பெண்ணின் சேமிப்பு. ஹலால் ஹராம் தெரிந்த வீட்டுக்குள் அது வரலாமா?

வெளிநாட்டு வேலை என்ற பெயரில் ஆட்களையே கொண்டுபோகிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போனவர்களை மியான்மர் எல்லைக்குள் அடைத்து, இப்படி மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் சென்னை வந்து சேர்ந்தார்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்று உச்சவரம்பு உண்டு. சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே மாற்றித் தருகிறோம் என்றால் அந்த வேலை வேண்டாம்.

பணம் போய்விட்டால்

முதலில் 1930க்கு அழையுங்கள். வீட்டுக்காரர் வரட்டும், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணி, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள். அவர்கள் அந்தத் தகவலை உடனே வங்கிகளுக்கு அனுப்புவார்கள், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே அதை முடக்குவார்கள். ஒரு மணி நேரத்தில் அது மூன்று கணக்கு தாண்டியிருக்கும், இரவு முடிவதற்குள் ரொக்கமாக எடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறோம். லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற இணையதளத்தில் புகாரைப் பதியுங்கள், ஆனால் 1930ஐத் தொடர்ந்து முயலுங்கள்.

அடுத்தது வங்கி. நேரில் போய் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு எங்கோ நடந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதுமில்லை, வங்கிதான் ஏற்க வேண்டும். 4 முதல் 7 வேலை நாட்கள் என்றால் ஒரு வரம்பு வரை நம் பொறுப்பு. ஓடிபியை நாமே சொல்லியிருந்தால், நாம் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் தலையில். தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். ஓடிபி சொல்லிவிட்டோமே என்று பேசாமல் இருந்தால் பிறகு போவதும் நம் கணக்கில்தான் சேரும். சில கிளைகளில் 'நீங்கள்தான் கொடுத்தீர்கள், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது' என்று வாய்மொழியாகவே அனுப்பிவிடுவார்கள். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. எழுத்தில் பதில் கேளுங்கள்.

முடக்கப்பட்ட பணம் நீதிமன்ற உத்தரவு மூலம் திரும்ப வரச் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று ஒருவன் அழைப்பான். அவன் முதல் திருடனின் பங்காளி.

நம் அறக்கட்டளை குறித்து

நம் பெயரையும் ஒருவன் பயன்படுத்தக்கூடும் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். உதவித்தொகை வழங்க ஓடிபியோ பின் நம்பரோ முன்பணமோ நாங்கள் கேட்பதில்லை. லிங்க் அனுப்புவதில்லை. உதவி அறிவிப்புகள் ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் படிக்கப்படும், அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், அவ்வளவே. விண்ணப்பத்துடன் ஆதாரில் கடைசி நான்கு இலக்கம் தெரியும் நகல் போதும். நகல்கள் பூட்டிய அலமாரியில் இருக்கும், காரியம் முடிந்ததும் கிழித்து அழிக்கப்படும். உதவி பெறுபவரின் படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுவிலோ இதழிலோ போடுவதில்லை. கொடையாளர்கள் சிலர் இதற்காக வருத்தப்படுவது உண்டு. ஆண்டுக் கணக்கை அவர்கள் எப்போது வந்தாலும் பார்க்கலாம், வாங்கியவரின் முகத்தை மட்டும் கேட்க வேண்டாம்.

1930க்கு அழைக்க, இணையதளத்தில் புகார் பதிய, வங்கிக்கு மனு எழுத உதவி தேவைப்பட்டால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே அலுவலகத்துக்கு வாருங்கள். போன், பாஸ்புக், வந்த மெசேஜ்கள் எல்லாவற்றையும் அப்படியே கொண்டு வாருங்கள், எதையும் அழித்துவிட வேண்டாம். இரவில் நடந்தால் காலை வரை காத்திருக்காமல் நிர்வாகிகளில் யாரையாவது எழுப்புங்கள்.